வந்த மெயில் எங்கே ஒளிந்திருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் ஏறத்தாழ எல்லாமே ஒரே குறையைத்தான் சொல்கின்றன: "அனுப்பியாச்சு என்கிறார்கள், இங்கே வரவில்லை." குறை ஒன்றுதான் என்றாலும் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். பொத்தான்களின் பெயர்கள், திரையில் ஆங்கிலத்தில் தெரிகிறபடியே தமிழ் எழுத்தில் உள்ளன.

கேள்வி: நான் ஸ்டாஃப் நர்ஸ். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனைக்கு விண்ணப்பித்திருந்தேன். இன்டர்வியூ தேதி சொல்லி வந்த மெயில் ஸ்பேமில் கிடந்திருக்கிறது. பார்த்தபோது தேதி தாண்டிவிட்டது. இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யணும்? என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது.
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: முதலில் அந்த மெயிலை வெளியே எடுங்கள். ஜிமெயில் ஆப்பில் இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோட்டைத் தொட்டு, கீழே தள்ளிக்கொண்டே போனால் 'ஸ்பேம்' வரும். வேண்டாத மெயில் என்று ஜிமெயில் தானாக ஒதுக்கிப் போடும் இடம் அது. மெயிலைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் 'ரிப்போர்ட் நாட் ஸ்பேம்' இருக்கும். அழுத்தியதும் மெயில் இன்பாக்ஸுக்கு வந்துவிடும். வந்த கையோடு, தேதி தவறியதைச் சொல்லி இன்னொரு நாள் தர முடியுமா என்று அதற்கே ரிப்ளை போடுங்கள். கேட்டால் தருகிறவர்கள் உண்டு. நீங்கள் பதில் எழுதுகிற முகவரியை ஜிமெயிலும் வேண்டப்பட்டதாகக் கவனித்துக்கொள்ளும். அந்த முகவரியை கான்டாக்ட்ஸில் சேர்த்துவிடுவதும் நல்லது.

இதெல்லாம் சிபாரிசு மாதிரிதான். ஜிமெயில் கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும். கண்டிப்பாகக் கேட்க வேண்டுமென்றால் ஃபில்டர், அதாவது இன்னாரிடமிருந்து மெயில் வந்தால் இப்படிச் செய் என்ற விதி, போட வேண்டும். ஆப்பில் அதற்கு வழி இல்லை. பிரவுசரில் திறந்தால்தான் முடியும். போனிலேயே செய்வதென்றால் குரோமில் ஜிமெயிலைத் திறந்து, மூன்று புள்ளியில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதை டிக் செய்யுங்கள். எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும், விரலால் பெரிதாக்கிக்கொள்ளலாம். யாரிடமாவது கணினி இருந்தால் வேலை சுலபம். வெளியே ஒரு சென்டரில் போய்ச் செய்வதாக இருந்தால் இன்காக்னிட்டோ (மூடியதும் உங்கள் கணக்கை அங்கே விட்டுவைக்காத) ஜன்னலில் திறங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முடிந்ததும் ஜன்னலை மூடுங்கள்.

மேலே உள்ள தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள் போட்ட அடையாளம் இருக்கும். அதை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். 'ஃப்ரம்' என்ற கட்டத்தில் அனுப்பியவரின் முகவரியில் '@' முதல் கடைசி வரை உள்ள பகுதியை மட்டும் அடியுங்கள். அப்படிச் செய்தால் அந்த நிறுவனத்தின் எந்த மேசையிலிருந்து மெயில் வந்தாலும் பிடிக்கும். இரண்டு மூன்று நிறுவனங்கள் என்றால் நடுவில் 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டு ஒரே ஃபில்டரில் சேர்க்கலாம். பிறகு 'கிரியேட் ஃபில்டர்' அழுத்தி, வரும் பட்டியலில் 'நெவர் சென்ட் இட் டு ஸ்பேம்' என்பதை டிக் செய்யுங்கள். அதிலேயே 'கேட்டகரைஸ் ஆஸ்' என்பதில் 'பிரைமரி' என்று கொடுங்கள். கூடவே 'ஸ்டார் இட்' டிக் செய்தால் கண்ணில் படும். கடைசியாக மறுபடியும் 'கிரியேட் ஃபில்டர்'. அவ்வளவுதான்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, '@'க்குப் பிறகு ஜிமெயில் டாட் காம் என்றே போட்டுவிடுவது. உலகத்தில் ஜிமெயில் வைத்திருக்கும் மோசடிக்காரர் அத்தனை பேருக்கும் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். பொது முகவரிக்காரர் என்றால் முழு முகவரியையும் கொடுங்கள். இரண்டாவது, விண்ணப்பம் போட்டது மருத்துவமனைக்கு என்பதால் மருத்துவமனையின் பெயரையே ஃபில்டரில் போடுவது. இங்கிலாந்தின் என்.எச்.எஸ். மருத்துவமனைகள் பலவும் 'டிராக்' போன்ற தனி விண்ணப்பத் தளம் வழியாகத்தான் மெயில் அனுப்புகின்றன. அனுப்புநர் முகவரியில் மருத்துவமனையின் பெயரே இருக்காது. விண்ணப்பம் கிடைத்தது என்று முதலில் ஒரு தானியங்கி மெயில் வந்திருக்குமே, அதைத் திறந்து எந்த முகவரியிலிருந்து வந்தது என்று பார்த்து, அதைத்தான் ஃபில்டரில் சேர்க்க வேண்டும்.

ஃபில்டர் போட்ட பிறகும் ஸ்பேம் பக்கம் எட்டிப் பார்ப்பதை விடாதீர்கள். அதில் விழுந்த மெயில் 30 நாளில் தானாக அழிந்துவிடும். அழிந்தால் மீட்க வழியில்லை. சும்மா இருக்கிற காலத்தில் வாரம் ஒரு தடவை போதும். விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும்போது தினமும் பார்க்கணும்.

கேள்வி: என் ஓய்வூதியம் சம்பந்தமாக ஓர் அலுவலகத்திலிருந்து மெயில் அனுப்பியதாகச் சொல்கிறார்கள். ஸ்பேமைப் புரட்டிப் பார்த்துவிட்டேன், அங்கும் இல்லை. யாரை நம்புவது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்புங்கள் சார். மெயில் ஒளிந்துகொள்ள ஸ்பேமைத் தவிர வேறு இடங்களும் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியவை 'பிரமோஷன்ஸ்', 'சோஷியல்', 'அப்டேட்ஸ்' என்ற தாவல்கள். இவை ஸ்பேம் இல்லை, இன்பாக்ஸின் அறைகள்தான். ஆனால் இங்கே விழும் மெயிலுக்கு போனில் பெரும்பாலும் மணி அடிக்காது. ஒரே நேரத்தில் நிறையப் பேருக்குப் போகும் அலுவலக மெயில்களை இங்கே தள்ளுவது ஜிமெயிலின் வழக்கம். அங்கே கண்டுபிடித்தால் கணினியில் மெயிலை இழுத்து 'பிரைமரி' தாவலில் போடுங்கள். இனி இவரிடமிருந்து வருவதையெல்லாம் இங்கேயே வைக்கட்டுமா என்று ஜிமெயில் கேட்கும், 'எஸ்' சொல்லிவிடுங்கள்.

அங்கும் இல்லையென்றால் முழுப் பெட்டியிலும் தேடுங்கள். சாதாரணத் தேடல் ஸ்பேமையும் டிராஷையும் தொடாது. மேலே சொன்ன தேடல் படிவத்தில் 'சர்ச்' என்ற வரியில் 'மெயில் அண்ட் ஸ்பேம் அண்ட் டிராஷ்' என்று மாற்றி, அலுவலகத்தின் பெயரில் ஒரு சொல்லைக் கொடுங்கள். விரல் பட்டு 'ஆர்க்கைவ்' ஆகி இன்பாக்ஸை விட்டுப் போன மெயிலும் இதில் அகப்படும்.

அடுத்து, செட்டிங்ஸில் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரசஸ்' பக்கம். என்றைக்கோ எரிச்சலில் 'பிளாக்' அழுத்திய முகவரி அங்கே உட்கார்ந்திருக்கும். பிளாக் செய்தவரின் மெயில் நேராக ஸ்பேமுக்குப் போய், 30 நாளில் மறைந்துவிடும். அதே பக்கத்தில் நீங்கள் போடாத ஃபில்டர் ஏதாவது, குறிப்பாக 'டிலீட் இட்' என்றோ வேறு முகவரிக்கு 'ஃபார்வர்ட்' என்றோ இருந்தால், யாரோ கணக்குக்குள் புகுந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே அந்த ஃபில்டரை நீக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். 'ஃபார்வர்டிங்' பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, இந்த ஒரு மெயில் என்றில்லை, யாருடைய மெயிலுமே சில நாளாக வரவில்லை என்றால் இடம் நிரம்பியிருக்கும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஜிமெயிலுக்கு மட்டுமானதல்ல. டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் இந்தக் கணக்கில் ஏறுகிறது. குடும்பக் குழுவில் வரும் கல்யாண வீடியோக்களும் காலை வணக்கப் படங்களும் 15 ஜிபியைத் தின்று தீர்ப்பதற்கு அதிக நாள் ஆகாது. நிரம்பிவிட்டால் உங்களுக்கு வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும், ஸ்பேமில்கூட விழாது. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், 'சாட்ஸ்', 'சாட் பேக்கப்' போய் 'இன்க்ளூட் வீடியோஸ்' என்பதை அணைத்துவிட்டு, ஒரு தடவை பேக்கப் எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இதற்குப் பிறகும் அகப்படவில்லையென்றால் அலுவலகத்தில், "எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள், ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஜிமெயிலில் பெயருக்கு நடுவே உள்ள புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இனிஷியல் விடுபட்டால், எண் மாறினால், கடைசியில் 'காம்' என்பது 'கான்' ஆனால் ஒன்றும் செய்வதற்கில்லை.

கேள்வி: கன்னியாகுமரியில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். எங்கள் இணையதளத்தில் உள்ள படிவத்தை நிரப்பி ஆட்கள் அறை கேட்கிறார்கள். அந்த மெயில்கள் பாதி ஸ்பேமில் விழுகின்றன, சிலது வருவதே இல்லை. நாங்கள் அந்தத் தளத்துக்குச் சொந்தக்காரர்கள், எங்கள் மெயிலுக்கே எங்கள் தளம் அனுப்புகிறது, இதுகூடவா ஸ்பேம்?
– கன்னியாகுமரி

பதில்: படிவம் தயாரித்தவர் செய்து வைத்த ஒரு சின்ன விஷயம்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். அறை கேட்டவர் தன் ஜிமெயில் முகவரியைப் படிவத்தில் எழுதுகிறார். தளம் அந்த முகவரியையே 'ஃப்ரம்' என்று போட்டு உங்களுக்கு மெயிலை அனுப்புகிறது. அனுப்புவது உங்கள் ஹோஸ்டிங் சர்வர் (உங்கள் தளத்தை வைத்திருக்கும் கணினி), பெயரோ ஜிமெயில்காரருடையது. வாங்கும் பக்கம் இதை ஆள்மாறாட்டமாகத்தான் பார்க்கும். யாகூ முகவரிக்காரர் அறை கேட்டால் நிலைமை இன்னும் மோசம். தன் பெயரில் வேறு சர்வர் அனுப்பினால் வாங்கவே கூடாது, திருப்பிவிடுங்கள் என்று யாகூ 2014-லேயே அறிவித்துவிட்டது. வருவதே இல்லை என்கிறீர்களே, அவை இந்த வகையாக இருக்கலாம்.

மாற்ற வேண்டியது இதுதான். 'ஃப்ரம்' எப்போதும் உங்கள் சொந்த டொமைன் முகவரியாக, அதாவது '@'க்குப் பிறகு உங்கள் தளத்தின் பெயர் வரும் முகவரியாக, இருக்கட்டும். அறை கேட்டவரின் முகவரி 'ரிப்ளை டு' என்ற இடத்தில் போகட்டும். நீங்கள் ரிப்ளை அழுத்தினால் அவருக்கே போகும், குறை ஒன்றும் வராது. வேர்ட்பிரஸ் தளம் என்றால் 'கான்டாக்ட் ஃபார்ம் 7' படிவத்தின் 'மெயில்' தாவலில் 'ஃப்ரம்' கட்டம் இருக்கிறது. 'ரிப்ளை டு' வரியை அங்கேயே 'அடிஷனல் ஹெடர்ஸ்' கட்டத்தில் எழுத வேண்டும்.

இன்னொரு வேலையும் உண்டு. மலிவான ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் எத்தனையோ தளங்கள் இருக்கும். அவற்றில் ஒன்று குப்பை அனுப்பினாலும் அந்த சர்வரின் பெயர் கெடும். ஆகவே தளமே நேரடியாக அனுப்பாமல், உங்கள் மெயில் கணக்கில் உள்ளே நுழைந்து அனுப்பும்படி வைக்கணும். 'டபிள்யூபி மெயில் எஸ்எம்டிபி' போன்ற ப்ளக்இன் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) அதற்குத்தான். ஜிமெயில் கணக்கென்றால் போர்ட் 587, டிஎல்எஸ். வழக்கமான பாஸ்வேர்டு அங்கே வேலை செய்யாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்ட பிறகு கூகுள் தரும் 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' வேண்டும். ஜிமெயில் வழியாக அனுப்பினால் 'ஃப்ரம்'மில் அந்த ஜிமெயில் முகவரியே இருக்கட்டும்.

அதோடு, படிவத்தில் வருவதெல்லாம் தளத்துக்குள்ளேயும் பதிவாகும்படி செய்யுங்கள். கான்டாக்ட் ஃபார்ம் 7-க்கு 'ஃபிளமிங்கோ' என்ற இலவச ப்ளக்இன் இதைச் செய்யும். மெயில் தொலைந்தாலும் ஆள் தொலைய மாட்டார். சீசன் நேரத்தில் சூரிய உதயம் பார்க்க வருகிறவர் ஒரு ராத்திரிகூடப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார் என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். போட்டித் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். ஒரு மெயிலும் வரவில்லை. ஸ்பேமில் பார்த்தேன், காலி.
– மாணவர்

பதில்: விண்ணப்பத்தை யார் நிரப்பியது தம்பி? கம்ப்யூட்டர் சென்டரில் என்றால், விண்ணப்ப நகலை எடுத்து மெயில் முகவரி யாருடையது என்று பாருங்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சென்டர்காரர்கள் தங்கள் முகவரியையே போட்டுவிடுவது நடக்கிறது. அப்படியென்றால் மெயில் அவர்கள் பெட்டியில் இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றும் மெயிலும் அங்கேதான் போகும். தேர்வுத் தளத்தில் நுழைந்து முகவரியை மாற்ற வசதி இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். ஹால் டிக்கெட்டுக்கு மெயிலை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அறிவிப்பு வரும் நாட்களில் தளத்திலேயே பாருங்கள்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் தேன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு நிறுவனம் எங்களுடையது. சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கிறோம். விலைப்பட்டியல் அனுப்பினால் அந்தப் பக்கம் ஜங்க்கில் (அவுட்லுக்கில் ஸ்பேமுக்கு அதுதான் பெயர்) விழுகிறது. ஒருவர் ஜங்க்கிலும் இல்லை என்கிறார். நாங்கள் அனுப்பும் பக்கம் என்ன சரி செய்ய வேண்டும்?
– மார்த்தாண்டம்

பதில்: வாங்குகிறவர் ஃபில்டர் போட்டுக்கொள்ளலாம் என்று மேலே சொன்னோம். வாடிக்கையாளரிடம் போய் "உங்கள் செட்டிங்ஸை மாற்றுங்கள்" என்று சொல்ல முடியாது. அனுப்புகிறவர்தான் தன் பக்கத்தைச் சுத்தமாக வைக்கணும்.

உங்கள் டொமைனுக்கு மூன்று பதிவுகள் வேண்டும். மூன்றுமே டொமைன் வாங்கிய இடத்தில், டிஎன்எஸ் (டொமைனின் விவரங்களை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்கும்) பக்கத்தில், 'டெக்ஸ்ட்' வகைப் பதிவாகச் சேர்க்க வேண்டியவை. எஸ்பிஎஃப் என்பது இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்ற பட்டியல். டிகேஐஎம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் போடும் மின் கையெழுத்து. அதைச் சரிபார்க்கும் சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கும். இந்த இரண்டும் பொருந்தாத மெயிலை என்ன செய்யலாம் என்று வாங்குகிறவருக்கு நீங்கள் சொல்லும் அறிவிப்பு டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது கட்டாயம். ஒரே நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். 2025 மே முதல் மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக் டாட் காம் பெட்டிகளுக்கு அதே 5,000 கணக்கை வைத்திருக்கிறது. நீங்கள் நாளுக்கு 20 மெயில்தான் அனுப்புவீர்கள் என்றாலும் மூன்றையும் போடுங்கள். காசு செலவில்லாத வேலை.

எஸ்பிஎஃப்பில் அதிகம் நடக்கும் தப்பு, இரண்டு பதிவு போடுவது. ஹோஸ்டிங்காரர் ஒன்று போட்டிருப்பார். பிறகு மெயிலை வேறு சேவைக்கு மாற்றியவர் அதை அழிக்காமல் இன்னொன்றைச் சேர்த்திருப்பார். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப்தான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டு சேவைகளும் வேண்டுமென்றால் ஒரே வரிக்குள் சேர்த்து எழுதணும். அந்த வரியைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக் கூடாது என்றும் விதி உண்டு. பில் போடும் மென்பொருள், நியூஸ்லெட்டர் சேவை, இணையதளம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் இங்கே முட்டும்.

உங்கள் டொமைன் மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸில் (நிறுவனங்களுக்கான கூகுள் சேவை) இருந்தால் டிகேஐஎம்மை நீங்களே போடலாம். அட்மின் பக்கத்தில் 'ஆப்ஸ்', 'கூகுள் வொர்க்ஸ்பேஸ்', 'ஜிமெயில்', 'ஆதென்டிகேட் ஈமெயில்' என்று போய், 2048 பிட் சாவியை உருவாக்குங்கள். அது தரும் நீளமான எழுத்துத் தொடரை டிஎன்எஸ்ஸில் ஒட்டிவிட்டு, திரும்ப வந்து 'ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்' அழுத்த வேண்டும். இந்தக் கடைசி அழுத்தலை மறந்துவிட்டு, பதிவு போட்டாயிற்றே என்று இருக்கிறவர்கள் நிறைய. டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம்வரை ஆகலாம். அதன் பிறகு டிமார்க். முதலில் 'நன்' (ஒன்றும் செய்ய வேண்டாம்) கொள்கையோடு, அறிக்கை வர ஒரு முகவரி கொடுத்து வையுங்கள். உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று சில வாரங்கள் அறிக்கையில் பார்த்து, எல்லாம் உங்கள் சர்வர்தான் என்று தெரிந்த பிறகு 'குவாரன்டைன்' (ஒதுக்கி வை), அப்புறம் 'ரிஜெக்ட்' (வாங்காதே) என்று ஏற்றுங்கள். முதல் நாளே 'ரிஜெக்ட்' போட்டால் உங்கள் பில் மென்பொருள் அனுப்பும் இன்வாய்ஸே திரும்பி வரும்.

போட்டது சரியா என்று சோதிக்க ஒரு ஜிமெயிலுக்கு அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளியில் 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரி. மூன்றுக்கும் நேராக 'பாஸ்' இருக்கணும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஜங்க்கில் விழுந்தால் மெயிலின் உள்ளே பாருங்கள். அறிமுகமே இல்லாத ஒருவருக்கு முதல் மெயிலிலேயே பெரிய இணைப்பு, சுருக்கப்பட்ட லிங்க், எழுத்தே இல்லாமல் ஒரே படமாகச் செய்த விளம்பரம், பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பு என்று போனால் சந்தேகம் வரத்தான் செய்யும். அந்த ஜிப்புக்குள் இன்னொரு ஜிப் இருந்தால் ஜிமெயில் தடுத்தே விடும். எங்கள் யோசனை: முதல் மெயில் நாலு வரி, வெறும் எழுத்து. நீங்கள் யார், எந்தத் தேன், என்ன பேக்கிங், விலைப்பட்டியல் அனுப்பட்டுமா என்ற கேள்வி. அவர் "அனுப்புங்கள்" என்று பதில் போட்டால், அதற்கு ரிப்ளையாகவே பட்டியலை அனுப்புங்கள். அவர் பதில் எழுதிய முகவரியிலிருந்து வரும் மெயிலை அவர் பெட்டி மறுப்பது அபூர்வம். புதிதாக வாங்கிய டொமைனிலிருந்து முதல் வாரமே நூற்றுக்கணக்கில் அனுப்புவதும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

ஜங்க்கிலும் இல்லை என்ற ஒருவர் பொய் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்களில் மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பார்கள். அதில் ஜங்க்குக்கும் முன்னால் 'குவாரன்டைன்' என்று ஒரு தடுப்பு உண்டு. அங்கே நின்ற மெயில் அவர் பெட்டிக்கே வராது. பல நேரம் அவர்களுடைய ஐடி ஆள்தான் விடுவிக்க முடியும். உங்கள் டொமைன் பெயரையும் மெயில் அனுப்பிய தேதி, நேரத்தையும் கொடுத்து, ஐடி பிரிவில் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு 600 பேர். ஜிமெயிலில் பிசிசி போட்டு (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி) எல்லோருக்கும் ஆண்டு விழா அழைப்பு அனுப்பினோம். பாதியில் நின்றுவிட்டது. போனதும் ஸ்பேமில் கிடந்ததாகச் சொல்கிறார்கள்.
– கருங்கல்

பதில்: இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான். தாண்டினால் சில மணி நேரம் முதல் ஒரு நாள்வரை அனுப்ப விடாது. கூகுள் குரூப்ஸில் ஒரு குழு தொடங்கி உறுப்பினர்களைச் சேருங்கள். குழு முகவரிக்கு ஒரே மெயில் அனுப்பினால் போதும். அதற்கு முன்னால், திரும்பி வந்த முகவரிகளை நீக்குங்கள். செத்த முகவரிகளுக்கு வருடா வருடம் அனுப்பிக்கொண்டே இருந்தால் அனுப்புகிறவரின் பெயர்தான் கெடும். அழைப்பை படமாக மட்டும் அனுப்பாமல் தேதி, இடம், நேரத்தை எழுத்திலும் போடுங்கள். வேண்டாம் என்கிறவர் விலக வழி வையுங்கள். வழி இல்லாவிட்டால் அவர் 'ரிப்போர்ட் ஸ்பேம்' அழுத்துவார். அப்படி அழுத்துகிறவர்கள் 1,000-க்கு 3 பேரை எட்டக் கூடாது என்பதுதான் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு ஜிமெயில் வைத்திருக்கும் எல்லை. 600 பேர் சங்கத்தில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டாலே அந்த விகிதத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

கேள்வி: வளைகுடாவில் வேலை என்று ஒரு ஆஃபர் லெட்டர் ஸ்பேமில் கிடக்கிறது. வெளியே எடுக்கலாமா?
– குளச்சல்

பதில்: எடுக்கும் முன் பாருங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத வேலைக்கு ஆஃபர் லெட்டர் வராது. விண்ணப்பித்த இடம்தான் என்றால் அனுப்புநர் பெயருக்குக் கீழே 'டு மீ' பக்கத்தில் உள்ள சின்ன அம்பை அழுத்துங்கள். கணினியில் 'மெயில்ட் பை', 'சைன்ட் பை' என்று வரும். கம்பெனியின் சொந்த டொமைன் அங்கே இருக்கிறதா, அல்லது இலவச மெயில் முகவரியா, 'ரிப்ளை டு' வேறு யாருக்காவது போகிறதா என்று கவனியுங்கள். சரியான டொமைன், எல்லாம் 'பாஸ்' என்பதாலேயே ஆள் நல்லவர் என்று ஆகாது. மோசடிக்காரரும் காசு கொடுத்து ஒரு டொமைன் வாங்கி மூன்று பதிவையும் ஒழுங்காகப் போடலாம். அந்தப் பெயரில் அனுப்ப உரிமை உள்ளவர்தான் அனுப்பினார் என்பதற்கு மேல் 'பாஸ்' எதையும் சொல்வதில்லை.

முகவர் பெயர் இருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும்தான். விசாவுக்கு, மெடிக்கலுக்கு என்று யாருடைய தனிக் கணக்குக்கோ பணம் போடச் சொன்னால் அந்த மெயில் ஸ்பேமிலேயே கிடக்கட்டும். பணம் போட்டுவிட்டீர்கள் என்றால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். நேரம் போகப்போக பணத்தை நிறுத்துவது கஷ்டம்.

கேள்வி: ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணினியில் அவுட்லுக்கில்தான் மெயில் பார்க்கிறோம். அதன் ஜங்க் ஃபோல்டரைத் தினமும் பார்க்கிறேன். இருந்தும் கட்சிக்காரர் ஒருவருக்கு வந்த வருமான வரி நோட்டீஸ் கண்ணில் படவே இல்லை.
– நாகர்கோவில்

பதில்: கணக்கு 'பாப்' முறையில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாப் முறை சர்வரின் இன்பாக்ஸை மட்டும்தான் இறக்கும். சர்வரில் ஸ்பேமுக்குப் போனது உங்கள் கணினிக்கு வரவே வராது. நீங்கள் பார்ப்பது அவுட்லுக் தானாகப் பிரித்து வைத்த ஜங்க். சர்வரில் இருக்கும் ஸ்பேம் தனி. 'ஐமேப்' முறைக்கு மாற்றினால் (போர்ட் 993, எஸ்எஸ்எல்) இரண்டு ஃபோல்டரும் தெரியும். மாற்றுவதற்கு முன் பழைய மெயில்களைப் பிரதி எடுத்து வையுங்கள். பாப்பில் இறக்கியவை சர்வரில் இல்லாமல் இருக்கலாம்.

மெயில் சொந்த ஹோஸ்டிங்கில், சி-பேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) இருந்தால் 'ஸ்பேம் ஃபில்டர்ஸ்' பக்கத்தையும் திறங்கள். அங்கே மதிப்பெண் 5 என்று இருக்கும். அதை எட்டிய மெயில் ஸ்பேம். எண்ணைக் கூட்டினால் பிடி தளரும். முக்கியமாக 'ஆட்டோ டிலீட்' அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் மெயில் எந்த ஃபோல்டரிலும் இருக்காது. அதே பக்கத்தில் 'ஒயிட்லிஸ்ட்' (ஸ்பேமாகக் கருதக் கூடாதவர்களின் பட்டியல்) இருக்கிறது. வருமான வரித்துறை, ஜிஎஸ்டி, வங்கிகளின் டொமைன்களை அதில் சேர்க்கலாம்.

வரி நோட்டீஸை மட்டும் மெயிலை நம்பி விடாதீர்கள். குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று வரும் நோட்டீஸுக்கு 15 நாள்தான் அவகாசம். இ-ஃபைலிங் தளத்தில் 'பெண்டிங் ஆக்ஷன்ஸ்' பகுதியில் கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒருமுறை பாருங்கள். புரொஃபைலில் இரண்டு மெயில் முகவரிகள் கொடுக்க இடம் இருக்கிறது. ஒன்று அலுவலகத்துடையது, இன்னொன்று கட்சிக்காரருடையது என்று வைத்தால் ஒரு பெட்டி விழுங்கினாலும் இன்னொன்று காட்டும்.

கேள்வி: இத்தனை பாடு எதற்கு? ஸ்பேம் ஃபில்டரையே அணைத்துவிட்டால்?
– ஆரல்வாய்மொழி

பதில்: ஜிமெயிலில் அதற்கு சுவிட்ச் இல்லை. இருந்தாலும் நாங்கள் சொல்லித்தர மாட்டோம்.

கேள்வி: ஸ்பேமில் இருக்கும் மெயில்களைத் திறந்து 'அன்சப்ஸ்கிரைப்' கொடுத்துக்கொண்டே வருகிறேன். குறைவதற்குப் பதில் கூடுகிறதே?
– இரணியல்

பதில்: முன்பின் தெரியாதவரின் மெயிலில் உள்ள அன்சப்ஸ்கிரைப் லிங்க்கை அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். அவற்றைத் தொடாமல் விடுங்கள். நீங்களே பதிவு செய்த கடை, பயணத் தளம், பத்திரிகை ஆகியவற்றுக்குத்தான் அன்சப்ஸ்கிரைப். அதிலும் ஜிமெயில் மேலே அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் காட்டும் பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

வங்கி அனுப்பும் கடன் விளம்பரத்துக்கு எரிச்சலில் 'ரிப்போர்ட் ஸ்பேம்' அழுத்தும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். விளம்பரமும் ஸ்டேட்மென்டும் ஒரே டொமைனிலிருந்து வந்தால், அடுத்த மாத ஸ்டேட்மென்டும் கார்டு பில்லும் விளம்பரத்தின் பின்னாலேயே ஸ்பேமுக்குப் போகலாம். வங்கியின் ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ விளம்பர மெயில் வேண்டாம் என்று தேர்வு செய்ய இடம் இருந்தால் அங்கே நிறுத்துங்கள். இல்லையென்றால் அந்த விளம்பரத்தின் தலைப்புச் சொல்லை வைத்து ஒரு ஃபில்டர் போட்டு 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' கொடுங்கள்.